குதிரைக்கு மட்டுமா கொள்ளு?

'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்பது நம் மக்கள் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. 'கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்' என்பது மற்றொன்று. முதற் பழமொழி கொள்ளுப் பயற்றைப் பருத்தவர்களுக்கான மருந்தாக்குகிறது. இரண்டாவது பழமொழி அதனைக் குதிரையின் தீவனமாக்குகிறது. இவ்விரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் காலியாகவே கிடக்கிறது. நோயும் இல்லாத, நான்கு கால்களும் இல்லாத சாதாரண மனிதன் அன்றாடம் விரும்பி உண்ணும் உணவு என்னும் இடம்தான் அது. அந்த இடத்தைக் கொள்ளுக்கு நாம் ஏன் தரவில்லை என்பதே இக்கட்டுரையில் நான் எழுப்ப விரும்பும் கேள்வி.

ஆண்டு மலரில் எழுதுவதற்கு வேறு பொருளே கிடைக்கவில்லையா என்று நண்பர்கள் சிலர் புன்னகை புரியலாம். கவிதை உண்டு, காதல் உண்டு, நாட்டு நடப்பு உண்டு. போயும் போயும் ஒரு பயறா என்று கேட்கலாம். அந்தப் புன்னகையைப் பற்றித்தான் நான் எழுதுகிறேன். மாணவர் விடுதி ஒன்றின் உணவுக் குழுக் கூட்டத்தில் நானும் உறுப்பினனாக அமர்ந்திருந்தேன். வாரத்தில் ஒரு நாள் கொள்ளுக் கடைசலோ கொள்ளுச் சுண்டலோ வைக்கலாமே என்று மாணவர் ஒருவர் எழுந்து கூறினார். "நாம் என்ன குதிரைகளா?" என்று ஒரு குரல் எழுந்தது. கூட்டம் முழுவதும் சிரித்தது. யோசனை அந்தச் சிரிப்பிலேயே மூழ்கிப் போயிற்று. எழுந்து பேசியவர் மானாவாரி நிலத்து உழவரின் மகன். அவர் வீட்டில் வாரம் மூன்று நாள் கொள்ளுதான். அதற்குப் பிறகு அந்தக் கூட்டத்தில் அவர் வாய் திறக்கவில்லை.

ஒரு பயற்றைப் பார்த்துச் சிரித்தால் பயற்றுக்கு ஒரு குறைவும் இல்லை. ஆனால் அதனை விதைத்தவனையும், வேகவைத்தவளையும், உண்டு வளர்ந்த பிள்ளையையும் சேர்த்தல்லவா அந்தச் சிரிப்பு சுடுகிறது! ஆகவே இதனை நாக்குச் சுவையைப் பற்றிய சிறு வழக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. இது மானத்தைப் பற்றிய வழக்கு. நம் உடம்பில் ஓடும் குருதியைப் பற்றிய வழக்கும் ஆகும்.

பெயரால் வந்த வினை

கொள்ளு குதிரைக்கு உரியது என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது? பழமொழிக்கு அதில் பங்கு உண்டு. ஆயினும் பள்ளிப் பாடநூலில் நாம் படித்த ஆங்கிலப் பெயருக்குப் பெரும்பங்கு உண்டு. ஆங்கிலேயர் இதனைக் குதிரைப் பயறு என்று பொருள்படும்படி 'ஹார்ஸ் கிராம்' என்றார்கள். 'கிராம்' என்னும் சொல்லும் ஆங்கிலேயருக்குச் சொந்தமன்று. தானியம் என்று பொருள்படும் போர்ச்சுக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது அது. தம் குதிரைகளுக்கும் பொதிமாடுகளுக்கும் வேகவைத்துக் கொடுத்த பயற்றை, அது தம் கண்ணில் பட்ட இடத்தை வைத்தே அவர்கள் பெயரிட்டு அழைத்தார்கள். குதிரை லாயத்தில் பார்த்ததற்கு லாயத்துப் பெயர் வைத்தது அவர்கள் வழக்கம். அடுப்படியில் பார்த்து வளர்ந்த நாம் அப்பெயரை ஏற்றுக்கொண்டதுதான் வியப்பு.

இந்நாட்டு மொழிகளைக் கேட்டுப் பாருங்கள். தெலுங்கர் 'உலவலு' என்கின்றனர். கன்னடர் 'ஹுருளி' என்கின்றனர். மலையாளிகளுக்கு இது 'முதிர'. இந்தி பேசுவோருக்குக் 'குல்தி'. மராத்தியருக்குக் 'குளீத்'. இமயமலைச் சாரலில் உள்ள உத்தரகாண்டில் 'கஹத்'. நம் தென்மாவட்டங்களில் 'காணம்'. இத்தனை பெயர்களில் எதிலாவது குதிரை இருக்கிறதா? ஒன்றிலும் இல்லை. மண்ணில் பிறந்த மொழிகள் எல்லாம் இதற்குத் தனிப்பெயர் சூட்டின. கப்பலேறி வந்த மொழி ஒன்றுதான் இதன் முதுகில் குதிரையை ஏற்றியது.

அறிவியல் அறிஞர்கள்கூட இதன் பெயரை மாற்றியிருக்கிறார்கள் என்பதைத் தாவரவியல் மாணவன் என்ற முறையில் இங்கே குறிப்பிட வேண்டும். முன்பெல்லாம் நூல்களில் 'டோலிக்கஸ் பைஃப்ளோரஸ்' என்று எழுதப்பட்ட செடி, இன்று 'மாக்ரோடைலோமா யூனிஃப்ளோரம்' என்று வழங்கப்படுகிறது. ஆராய்ந்து பார்த்தபின் பழைய பெயர் பொருந்தாது என்று கண்டால் அறிவியல் அதனைக் கைவிட்டுவிடுகிறது. அந்தத் துணிவு நமக்கும் வேண்டாமா?

வரலாற்றைப் புரட்டினால் வழக்கு இன்னும் தெளிவாகும். திருப்பத்தூர் மாவட்டத்துப் பையம்பள்ளியில் இந்தியத் தொல்லியல் துறை 1960களில் அகழாய்வு நடத்தியது. புதிய கற்கால மக்கள் வாழ்ந்த அந்த இடத்தில் கிடைத்த கருகிய தானியங்களுள் கொள்ளும் உண்டு. கருநாடகத்துச் சங்கனகல்லு, ஹல்லூர் முதலிய இடங்களிலும், ஏறத்தாழ 4000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மக்கள் கொள்ளும் பாசிப்பயறும் சிறுதானியங்களும் பயிரிட்டு உண்டதற்குச் சான்றுகள் உள்ளன. தென்னாட்டின் முதல் உழவர்கள் உண்ட முதற் பயறுகளுள் இது ஒன்று.

சங்க இலக்கியத்துக்கு வருவோம். புறநானூற்றின் 335ஆம் பாடலில் மாங்குடி கிழார், தம் நிலத்துக்கு உரிய உணவுகள் என்று நான்கினை மட்டும் எண்ணிச் சொல்கிறார். அந்த நால்வருள் வரகும் தினையும் அவரையும் போகக் கொள்ளும் ஒருவர். அதே சங்க காலத்துப் பட்டினப்பாலையோ, புகார் நகரில் குதிரைகள் கடல்வழியாக வந்து இறங்கியதைக் கூறுகிறது. நண்பர்களே, சற்று எண்ணிப் பாருங்கள். கொள்ளு இந்த மண்ணின் குடிமகன், குதிரை விருந்தாளி. விருந்தாளிக்கு நம் உணவில் பங்கு கொடுத்தோம். பிறகு அது விருந்தாளியின் உணவு என்று சொல்லி நாம் கை கழுவிக்கொண்டோம். இதனைவிட வேடிக்கை வேறு உண்டோ?

குதிரை தின்றால் இழிவா?

குதிரை தின்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அதனால் வந்த இழிவு என்ன? ஓடவும், சுமக்கவும், போர்க்களத்தில் நிற்கவும் வேண்டிய விலங்கு குதிரை. அதற்கு மனிதன் எதனைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தான்? வலிமை தரும் என்று தான் அறிந்த பயற்றைத்தான் கொடுத்தான். அது கொள்ளுக்குக் கிடைத்த நற்சான்று என்று கொள்வதே முறை.

ஐரோப்பாவில் குதிரைக்குத் தீவனமாகப் போட்ட தானியம் ஒன்று உண்டு. அதன் பெயர் ஓட்ஸ். இன்று அது பளபளக்கும் அட்டைப் பெட்டியில் நம் ஊர்க் கடைகளில் அமர்ந்திருக்கிறது. கேட்ட விலை கொடுத்து வாங்கிப் பாலில் கலந்து உண்கிறோம். அங்கே எவரும் 'நாம் என்ன குதிரைகளா?' என்று கேட்பதில்லை. சீமைக் குதிரையின் தீவனம் நாகரிகம். உள்ளூர்க் குதிரையின் தீவனம் அநாகரிகம்! ஆக, நாம் வெட்கப்படுவது குதிரையைக் கண்டு அன்று, நம்மைக் கண்டுதான்.

அண்டை மாநிலத்தார் இந்த வெட்கத்தை அறியார். ஆந்திர நாட்டில் கொள்ளு வேகவைத்த நீரை நெடுநேரம் சுண்டக் காய்ச்சி எடுக்கும் 'உலவசாறு' திருமணப் பந்தியில் பரிமாறப்படுகிறது. பெரிய உணவு விடுதிகளில் பெருமையோடு விற்கப்படுகிறது. கொங்கணக் கரையில் குளீத் மாவில் செய்யும் 'பிட்டலா' எல்லா வீட்டிலும் உண்டு. உத்தரகாண்டின் மலைக் கிராமங்களில் குளிர்காலம் வந்தால் கஹத் பருப்பு அடுப்பேறாத வீடு அரிது. நம் கொங்கு நாட்டுக் கிராமங்களிலும் நெல்லைச் சீமையிலும் இது இன்னும் வாழ்கிறது. ஆனால் வீட்டுக்குள் வாழ்கிறது; விருந்தினர் வந்தால் அடுக்களையின் உள்ளே ஒளிந்துகொள்கிறது. நம் ஊர் உணவு விடுதிகளின் விலைப் பட்டியலில் அதனைக் கண்டவர் எத்தனை பேர்?

அட்டவணை சொல்லும் கணக்கு

பெருமை பேசியது போதும், கணக்குக்கு வருவோம். 1918இல் நம் நீலகிரியின் குன்னூரில் சிறியதொரு ஆய்வுக்கூடமாகத் தொடங்கி, 1958இல் ஐதராபாத்துக்குச் சென்றது இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அந்நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுச்சத்து அட்டவணைகளில் கொள்ளுக்கும் ஓர் இடம் உண்டு. 100 கிராம் கொள்ளில் புரதம் 21.7 கிராம் என்கிறது அது. அதே அளவு துவரம்பருப்பிலும் புரதம் 21.7 கிராம்தான். சரிக்குச் சரி! இனி இரும்புச்சத்தைப் பாருங்கள். துவரம்பருப்பில் 3.9 மில்லிகிராம், கொள்ளில் 8.8 மில்லிகிராம். சுண்ணாம்புச்சத்து துவரம்பருப்பில் ஏறத்தாழ 72 மில்லிகிராம். கொள்ளில் 269 மில்லிகிராம். கொழுப்போ ஒரு கிராமுக்கும் குறைவு. துவரம்பருப்பு தோல் நீக்கியது, கொள்ளு தோலோடு உள்ளது என்பதையும் சேர்த்தே இந்த ஒப்பீட்டைப் படிக்க வேண்டும். ஆனால் நாம் உண்பதும் அப்படித்தானே! துவரையைத் தோல் நீக்கி உண்கிறோம். கொள்ளினைத் தோலோடு உண்கிறோம்.

அரிசியுடன் இதற்குள்ள உறவும் குறிப்பிடத் தக்கது. புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்னும் செங்கற்களால் கட்டிய கட்டடம். அரிசியில் 'லைசின்' என்னும் செங்கல் குறைவு. பயறு வகைகளில் அது மிகுதி. பயறுகளில் குறைவாக உள்ள கந்தகம் சேர்ந்த அமினோ அமிலங்கள் அரிசியில் உண்டு. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. சோற்றில் பருப்பினைப் பிசைந்து உண்ணும் நம் பாட்டிமார் வேதியியல் படித்தவர்கள் அல்லர். ஆயினும் அவர்கள் கைப்பழக்கத்தில் வேதியியல் இருந்தது.

இந்தக் கணக்கு ஏன் முக்கியம்? 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். இரண்டு பெண்களை எண்ணினால் ஒருவருக்குக் குருதிச் சோகை! நம் கல்லூரியின் எந்த வகுப்பறையிலும் முன் இருக்கைகளில் அமர்ந்திருக்கும் தோழியரை இந்தக் கணக்கோடு ஒரு முறை பாருங்கள். காலையில் வெறும் தேநீரோடு பேருந்து பிடித்து வருபவர்கள் அவர்களில் பலர். மூன்றாம் பாட வேளையில் தலை சுற்றுகிறது என்பவர்களைச் 'சோம்பல்' என்று சொல்லிவிடுவது எளிது. வயதுவந்த ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வரையறுத்தது. 100 கிராம் பச்சரிசியில் உள்ள இரும்போ ஒரு மில்லிகிராம்கூட இல்லை. சோறு ஒன்றையே மலைபோல் குவித்து உண்டாலும் இந்தப் பள்ளம் நிரம்பாது.

கொள்ளு மட்டுமே இதனை நிரப்பிவிடும் என்று நான் சொல்லவில்லை. தாவர உணவில் உள்ள இரும்பு முழுவதையும் உடல் ஏற்பதில்லை; ஒரு சிறு பகுதியைத்தான் ஏற்கிறது. எலுமிச்சை, தக்காளி, நெல்லிக்காய் போன்ற புளிப்புடைய கனிகளில் உள்ள உயிர்ச்சத்து 'சி' அந்த ஏற்பினைக் கூட்டுகிறது. உணவு உண்டவுடன் குடிக்கும் தேநீர் அதனைக் குறைக்கிறது. ஆகவே சுண்டலில் எலுமிச்சை பிழிவதும், உண்டபின் ஒரு மணி நேரம் தேநீர்க் கடைப்பக்கம் போகாமல் இருப்பதும் செலவில்லாத வைத்தியம். இரத்தசோகை முற்றியவர்கள் மருத்துவரைத்தான் நாட வேண்டும். நான் பேசுவது அந்த நிலைக்குப் போகாமல் காக்கும் அன்றாடத் தட்டைப் பற்றி.

கொள்ளின் பயன் அடுக்களையோடு முடிவதும் இல்லை. 1951இல் ஜி. டபிள்யூ. ஜி. பேர்ட் என்னும் அறிஞர், கொள்ளு விதையின் சாறு மனிதக் குருதியின் 'ஏ' பிரிவு அணுக்களை ஒன்றுசேர்த்துக் கட்டியாக்குவதைக் கண்டறிந்தார். 'ஏ' பிரிவின் உட்பிரிவுகளைப் பிரித்தறிய இன்றும் குருதி வங்கிகளில் இப்பயற்றிலிருந்து எடுத்த புரதம் பயன்படுகிறது. குருதியின் வகையைச் சொல்லவல்ல பயற்றைக் குருதி குறைந்த நாம் கண்டு சிரிக்கிறோம்!

மானாவாரியின் தோழன்

கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், ஈரோடு, திருப்பூர் ஆகிய மாவட்டங்களின் செம்மண் காடுகளைப் பார்த்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. கிணறு வற்றிய நிலம். ஏரி நீர் எட்டாத மேட்டு நிலம். வேறு எந்தப் பயிரும் முகம் சுளிக்கும் சரளை நிலம். அங்கே புரட்டாசி, ஐப்பசி மழையில் கொள்ளு விதைத்துவிட்டு உழவர் வீட்டுக்கு வந்துவிடுவார். உரக்கடைக்குக் கடன் இல்லை. பூச்சிமருந்துச் செலவும் பெரிதாக இல்லை. பின்பனியின் ஈரத்திலேயே கொடி படர்ந்து காய்த்துவிடும் என்பார்கள். ஏறத்தாழ 100 நாட்களில் அறுவடை. பயறு நமக்கு, கொடி மாட்டுக்கு. அவரைக் குடும்பத்துச் செடி ஆதலால் அதன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றில் உள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்கும் கொடுக்கின்றன. நிலத்திடம் வாங்கித் தின்று வளரும் பயிர்களுக்கிடையே, நிலத்துக்குத் திருப்பிக் கொடுக்கும் பயிர் இது.

நம் வேளாண்மை விஞ்ஞானிகள் இதனை மறந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பையூரில் உள்ள ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைத் தாங்கிப் 'பையூர் 1', 'பையூர் 2' என்னும் கொள்ளு இரகங்கள் வந்துள்ளன. விஞ்ஞானி விதை கொடுத்தார், உழவர் விதைத்தார், வாங்குவோர்தாம் இல்லை. மத்திய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கும் பயறு வகைகள் ஐந்து: துவரை, உளுந்து, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, மசூர். இந்த ஐவரில் கொள்ளு இல்லை. விலை விழுந்தால் தாங்கிப் பிடிக்க ஒரு கை இல்லாத பயிரை எந்த உழவர் விரும்பி விதைப்பார்?

மறுபுறத்தையும் பாருங்கள். 2015 அக்டோபரில் துவரம்பருப்பின் விலை கிலோ 200 ரூபாயை எட்டியபோது நடுத்தரக் குடும்பங்களின் சாம்பாரே தண்ணீரானது. மியன்மாரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் துவரையைக் கப்பலில் ஏற்றி வருகிறோம். கனடா நாட்டிலிருந்து மஞ்சள் பட்டாணியைக் கொண்டுவருகிறோம். கடல் கடந்து பருப்புத் தேடும் நாட்டில், காலடியில் விளையும் பயற்றை மாட்டுத் தொட்டியில் கொட்டுகிறோம். இதனைப் பொருளாதாரம் என்று அழைக்க என் மனம் இடம் தரவில்லை.

மருந்தாகிச் சிறைப்பட்ட பயறு

அண்மைக் காலமாகக் கொள்ளுக்கு ஒரு மறுவாழ்வு கிடைத்திருப்பதாகச் சிலர் மகிழ்கின்றனர். நகரக் கடைகளில் 'கொள்ளுப் பொடி', 'கொள்ளுக் கஞ்சி மாவு' என்று சிறு சிறு பொட்டலங்கள் தொங்குகின்றன. 'உடல் எடை குறைய', 'ஊளைச்சதை கரைய' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். பழமொழியே விளம்பரமாகிவிட்டது. என்னால் இதில் முழு மனத்தோடு மகிழ முடியவில்லை.

முதற் காரணம், அது உண்மைக்குச் சற்று அப்பாற்பட்டது. எந்த ஒரு பண்டமும் உடம்புக்குள் புகுந்து கொழுப்பினை மட்டும் தேடிக் கரைத்துவிடுவதில்லை. கொள்ளில் நாரும் புரதமும் மிகுதி. ஆதலால் உண்டால் பசி நெடுநேரம் அடங்கியிருக்கும். அதனால் பிற உணவு குறையலாம். அவ்வளவே. மூன்று வேளையும் வயிறு புடைக்க உண்டுவிட்டு, நான்காம் வேளை கொள்ளுக் கஞ்சி குடித்தால் இளைக்க முடியாது.

இரண்டாம் காரணம் இன்னும் முக்கியமானது. மருந்து என்று பெயர் வைத்துவிட்டால், நோயில்லாதவன் அதனைத் தொடமாட்டான். அரைக்கால் கிலோ பொட்டலத்தில் அடைபட்ட பயறு ஏழைக்கும் எட்டாது. முன்பு 'இது மாட்டுக்கு உரியது' என்று சொல்லி மனிதர் தட்டிலிருந்து விலக்கினோம். இப்போது 'இது பருத்தவருக்கு உரியது' என்று சொல்லி மெலிந்தவர் தட்டிலிருந்து விலக்குகிறோம். இளைத்துக் கிடக்கும் மாணவிக்கு எவரேனும் கொள்ளு கொடுக்கச் சொன்னால், 'ஐயோ, இன்னும் இளைத்துவிடுவாளே!' என்று வீட்டார் அஞ்சுகின்றனர். புரதமும் இரும்பும் எவருக்கு மிகவும் தேவையோ, அவரிடமிருந்தே அதனைப் பறித்துக்கொள்கிறது அந்தப் பொட்டலத்து எழுத்து.

எதிர்வாதங்களுக்கு விடை

கொள்ளு வேக நேரமாகும் என்பது முதல் எதிர்வாதம். உண்மைதான். விறகடுப்புக் காலத்தில் இது பெரிய குறை. இரவே ஊறவைத்துக் காலையில் குக்கரில் ஏற்றினால் இன்று அந்தக் குறை பெரிதாகத் தோன்றாது. வெறும் வாணலியில் மணம் வரும்வரை வறுத்துவிட்டு வேகவைத்தால் பச்சை வாடையும் போகும்.

வயிற்றில் வாயு உண்டாக்கும் என்பது இரண்டாவது எதிர்வாதம். எளிதில் செரிக்காத சிலவகைச் சர்க்கரைகள் எல்லாப் பயறுகளிலும் உண்டு, கொள்ளிலும் உண்டு. இரும்பினை இறுகப் பிடித்துக்கொண்டு விடாத 'ஃபைட்டிக்' அமிலமும் உண்டு. ஊறவைத்த நீரைக் கொட்டிவிடுவதாலும், ஈரத்துணியில் கட்டி முளைகட்டுவதாலும், நன்றாக வேகவைப்பதாலும் இவை குறைகின்றன. பூண்டும் சீரகமும் சேர்த்துக் கடையும் கொங்கு நாட்டு வழக்கத்தில் சுவையும் உண்டு, வயிற்றுக்கு இதமும் உண்டு என்பது அனுபவம் உடையோர் கூற்று.

உடம்புக்குச் சூடு என்பது மூன்றாவது எதிர்வாதம். நம் பெரியவர்கள் இதனைக் கோடையில் குறைத்து, மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் மிகுதியாகச் சமைத்தனர். அந்த வழக்கத்தைப் பின்பற்றுவதில் தவறில்லை. சித்திரையில் வேண்டாம் என்றால் கார்த்திகையில் உண்போமே! கருவுற்ற பெண்களும், சிறுநீரகக் கோளாறு போன்ற நோய் உடையோரும் தம் மருத்துவர் சொற்படி நடக்கட்டும். மற்றவர்களுக்கு இது விலக்கப்பட்ட கனி அன்று.

சுவை இல்லை என்பது நான்காவது எதிர்வாதம். இதற்கு விடை எழுத்தில் இல்லை; அடுப்பில் இருக்கிறது. வெந்த கொள்ளின் நீரை இறுத்து வைத்துப் புளியும் மிளகும் பூண்டும் தட்டிப் போட்டால் ரசம். இறுத்த பயற்றைச் சின்ன வெங்காயம், வரமிளகாய், கொத்தமல்லி விதை, சீரகம் சேர்த்து மண்சட்டியில் மத்தால் கடைந்தால் கடைசல். வறுத்துத் தேங்காயோடு அரைத்தால் துவையல். தாளித்து எலுமிச்சை பிழிந்தால் சுண்டல். ஒரே பயறு, நான்கு பண்டம். ஒரு துளியும் வீணில்லை. இதனை உண்டு பார்த்துவிட்டு ஒருவர் வேண்டாம் என்றால் அது அவர் உரிமை. உண்ணாமலே சிரிப்பதை என்னால் வாதமாக ஏற்க முடியாது.

செய்ய வேண்டுவன

குறை கூறிவிட்டு நிறுத்திக்கொள்வது எளிது. ஆதலால் என் கருத்தில் பட்ட சிலவற்றை முன்வைக்கிறேன்.

மாணவர் விடுதிகளில் வாரம் இருமுறை கொள்ளு வைக்க வேண்டும். ஒருவருக்கு 30 கிராம் என்றால் 100 மாணவர் உண்ணும் விடுதிக்கு ஒரு வேளைக்கு 3 கிலோ போதும். அந்த 30 கிராமில் ஒவ்வொருவருக்கும் ஆறரை கிராம் புரதமும் இரண்டரை மில்லிகிராமுக்கு மேல் இரும்பும் கிடைக்கும். அதனை இடைத்தரகர் இன்றிச் சுற்றுவட்டாரச் சந்தையிலோ உழவரிடமோ வாங்கினால், பயறு விதைத்த தந்தைக்கும் அது பயன் தரும். அதை உண்ணும் மகனுக்கும் பயன் தரும்.

பெருந்தலைவர் காமராசர் 1956இல் பள்ளிகளில் விரிவாக்கிய மதிய உணவும், எம்.ஜி.ஆர். 1982இல் தொடங்கிய சத்துணவும் நாட்டுக்கே வழிகாட்டின. பசித்த குழந்தைக்குச் சோறு போடுவது பிச்சை அன்று, அரசின் கடமை என்று இந்த மாநிலம் உலகுக்குச் சொல்லிற்று. பின்னர் அத்தட்டில் முட்டை வந்தது, கொண்டைக்கடலை வந்தது. முளைகட்டி நன்றாக வெந்த கொள்ளுச் சுண்டலும் வாரம் ஒருமுறை வரலாகாதா? குழந்தைப் பருவத்தில் பள்ளியில் எல்லோரோடும் அமர்ந்து உண்ட உணவைப் பார்த்து, வளர்ந்தபின் எவரும் சிரிக்கமாட்டார்கள். வெட்கத்துக்கு அதுவே நல்ல மருந்து.

2007இல் தொடங்கிய சிறப்புப் பொதுவிநியோகத் திட்டத்தால் நியாயவிலைக் கடையில் துவரம்பருப்பு குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. கொள்ளு விளையும் மாவட்டங்களிலேனும், துவரையை நிறுத்தாமல், விரும்புவோருக்குக் கொள்ளினையும் கூடுதலாகக் கொடுக்கலாம். அதற்கு அரசு கொள்முதல் செய்ய வேண்டும். கொள்முதல் செய்ய ஆதரவு விலை வேண்டும். 2016ஆம் ஆண்டு உலகப் பயறு ஆண்டாகக் கொண்டாடப்பட்டது. 2023ஆம் ஆண்டு உலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்டது. கொண்டாட்டங்கள் வந்து போயின. ஆதரவு விலைப் பட்டியலில் கொள்ளுக்கு இன்னும் இடம் வரவில்லை.

நம் கல்லூரியும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. தாவரவியல் துறையினர் சுற்றுப்புறக் காடுகளில் விளையும் நாட்டு இரகங்களைச் சேகரிக்கலாம். வேதியியல் மாணவர்கள் ஊறவைப்பதாலும் முளைகட்டுவதாலும் சத்துகள் எவ்வளவு மாறுகின்றன என்று ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்க்கலாம். பொருளியல் மாணவர்கள் வாரச் சந்தையில் உழவருக்குக் கிடைக்கும் விலையையும் நகரப் பொட்டலத்தின் விலையையும் ஒப்பிட்டு, நடுவில் உள்ள பணம் எங்கே போகிறது என்று காட்டலாம். தமிழ்த்துறையினர் காணம், கொள்ளு என்னும் பெயர்களின் பின்னால் உள்ள வழக்காறுகளையும் பழமொழிகளையும் பாட்டிமார் வாயிலிருந்து தொகுக்கலாம். அவர்கள் மறைந்தபின் எந்த நூலகத்தில் அவற்றைத் தேடுவது? பேராசிரியப் பெருமக்கள் வழிகாட்டினால் ஒரே கல்வியாண்டில் முடிக்கக்கூடிய பணிகளே இவை.

கல்வி நமக்குப் பல புதியவற்றைக் கற்றுத் தருகிறது. அதற்காக நம் வீட்டுத் தட்டை மறைத்து வைக்கக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. கிராமத்திலிருந்து முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள் நிறைந்தவை நம் அரசு கலைக் கல்லூரிகள். தாய் கடைந்து கொடுத்த கொள்ளினைச் சோற்றுக்கு அடியில் புதைத்துக்கொண்டு வரும் நிலை இங்கே எவருக்கும் இருக்கலாகாது. உணவு வேளையில் அந்தத் தூக்குப்பாத்திரம் எல்லோர் நடுவிலும் திறக்கப்பட வேண்டும். அருகில் இருப்பவர் கைநீட்டி ஒரு பிடி கேட்க வேண்டும்.

அடுத்த சந்தை நாளில் ஒரு படி கொள்ளு வாங்குங்கள். இரவு ஊறவையுங்கள், காலையில் வேகவையுங்கள். இளைத்தவரும் கொழுத்தவரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்போம். குதிரைக்கும் ஒரு பங்கு வைத்துவிட்டால் அது கோபித்துக்கொள்ளாது.